காவடியைத் தூக்கினாரா, சுமந்தாரா, ஏந்தினாரா? சுமைச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

தைப்பூசச் செய்தி எழுதும்போது பலர் தடுமாறும் இடம் இது. பக்தர் காவடியைத் தூக்கினாரா, சுமந்தாரா, ஏந்தினாரா, எடுத்தாரா? நான்கும் தமிழ்தான், ஆனால் நான்கும் ஒன்றல்ல. எடையைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுத்தால் தவறிவிடும். சுமை உடம்பில் எங்கே இருக்கிறது, சுமப்பவர் நடக்கிறாரா நிற்கிறாரா, கடைசியில் அந்தச் சுமை எப்படி நீங்குகிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தூக்குவது கீழே கிடப்பதை மேலே கொண்டுவரும் செயல், நொடிப்பொழுது வேலை. சுமப்பது வழி நெடுக நடப்பது. மலேசியாவின் பத்துமலை முருகன் கோவில் அடிவாரத்தில் காவடியைத் தூக்கித் தோளில் வைக்கிறார்கள், 272 படிகளிலும் சுமந்து ஏறுகிறார்கள். ஆகவே ‘மேலே உள்ள குகைவரை தூக்கினார்’ என்பது காதில் இடறும். ‘தூக்கிச் சென்றார்’ என்றால் சரி.

நேர்த்திக்கடன் என்று வரும்போது மரபுவினை ‘எடு’. காவடி எடுத்தார், பால்குடம் எடுத்தார், கரகம் எடுத்தார். இங்கே எடுத்தல் என்பது விரதம் முதல் செலுத்தி முடிப்பது வரை முழுச் சடங்கையும் குறிக்கும். தலைப்புக்கு ‘எடுத்தனர்’ போதும். உடல் வருத்தத்தை வருணிக்கும் பத்தியில் ‘சுமந்தனர்’ வரட்டும். ‘காவடி தூக்கினார்’ என்று பேச்சில் தாராளமாகச் சொல்கிறோம், எழுத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒருவருக்குக் காவடி தூக்குவதும், பல்லக்குத் தூக்குவதும், சொம்பு தூக்குவதும் ஆதாயத்துக்காகப் பின்னால் அலைகிறவரைக் கேலி செய்யும் வழக்குகள். ‘அமைச்சரின் வருகைக்குப் பின் காவடி தூக்கினர்’ என்று செய்தியில் வந்தால் வாசகர் சிரித்துவிடுவார்.

ஏந்துதல் கைக்கு உரியது. தீச்சட்டி, மெழுகுவர்த்தி, பதாகை, துப்பாக்கி எல்லாம் ஏந்துபவை. எடை முக்கியமில்லை, பிறர் பார்க்கும்படி கையில் பிடித்திருப்பதுதான் முக்கியம். பால்குடம் கையில் இருந்தால் ஏந்தினார், தலையில் இருந்தால் சுமந்தார். ஒரு பொறி இருக்கிறது: பொருளைச் சொல்லாமல் ‘கையேந்தினார்’ என்று நிறுத்தினால் பிச்சை கேட்டார் என்றோ இறைஞ்சினார் என்றோ ஆகிவிடும்.

தாங்குதல் நின்ற இடத்தில் கீழிருந்து பிடித்திருப்பது. தூண் கூரையைத் தாங்கும். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் பழைய சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். நட்ட இரண்டு கல்லின்மேல் குறுக்கே ஒரு பலகைக்கல், தலைச்சுமைக்காரர் குனியாமலே பாரத்தை அதில் தள்ளிவைக்கும் உயரம். கல் நடப்பதில்லை, அதனால்தான் அது ‘தாங்கி’. வலி, விலைவாசி, அவமானம் ஆகியவற்றுக்கும் தாங்குதல் பொருந்தும், ஆனால் பெரும்பாலும் எதிர்மறையில்: தாங்க முடியவில்லை.

பொறுத்தல் இன்று மனத்துக்குப் போய்விட்டது. ஒருகாலத்தில் உடம்புக்கும் இருந்தது. 37ஆம் குறளில் ‘சிவிகை பொறுத்தான்’ என்றால் பல்லக்கைச் சுமப்பவன். 151ஆம் குறளில் அகழ்வாரை நிலம் தாங்குகிறது, இகழ்வாரை மனிதன் பொறுக்கிறான். இன்றைய வழக்குக்கு இந்த இரண்டாவது குறளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ‘மூட்டையைப் பொறுத்தான்’ என்று இப்போது எழுதினால் யாருக்கும் புரியாது.

தோளுக்குத் தனிச்சொல் உண்டு. இரு முனையிலும் சுமை தொங்கத் தோளில் வைக்கும் தண்டு ‘கா’, அப்படித் தண்டைத் தோளில் வைத்துச் சுமப்பது காவுதல். காவடியின் வேர் இதுதான். கரும்பில் துணி கட்டிக் குழந்தையைக் கிடத்தி, முன்னும் பின்னும் பெற்றோர் தோள்கொடுத்து நடக்கும் கரும்புத்தொட்டிலுக்கும் காவுதல் அழகாகப் பொருந்தும். பினாங்கின் நாசி கண்டாரில் உள்ள ‘கண்டார்’ என்ற மலாய்ச் சொல்லும் இதே செயல்தான். ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தண்டில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு அது. ஆகவே அவர்கள் ‘தலையில் சுமந்து விற்றனர்’ என்று எழுதினால் வரலாறே மாறிப்போகும். ரப்பர் தோட்டத்துக் கதை எழுதுகிறவர்களுக்கும் இது உதவும். ரப்பர் பால் வாளிகளை மாட்டிய கம்பைக் காண்டாக் கம்பு என்றும், வாளியைக் காண்டா வாளி என்றும்தான் தோட்டத்தில் சொல்வார்கள். ‘நுகத்தடி’ என்று அகராதியைப் பார்த்து எழுதாதீர்கள், அது மாட்டுக் கழுத்துக்கு.

மற்றவை சுருக்கமாக. அக்குளில் இடுக்குவது, வாயில் கவ்வுவது, தலையில் சும்மாடு கூட்டி வைப்பது. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வோம். ‘குழந்தையைச் சுமந்தபடி நின்றார்’ என்றால் கர்ப்பிணியோ என்ற ஐயம் வரும், ஏனென்றால் பத்து மாதம் சுமப்பது வயிறு.

இனிப் பெயர்ச்சொற்கள். எடை தராசு சொல்வது, கனம் கை உணர்வது. ‘புத்தகப்பையின் எடை 5 கிலோ’ என்றும் ‘பை கனக்கிறது’ என்றும் எழுதுங்கள். ‘5 கிலோ கனம்’ பேச்சில் ஓடும், அறிக்கையில் வேண்டாம். தலையோடு சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். தலைச்சுமை கூடையில் இருப்பது, தலைபாரம் சளி பிடித்தால் வருவது, தலைக்கனம் பதவி வந்தால் ஏறுவது. மூன்றையும் மாற்றிப் போடவே முடியாது.

எந்தச் சொல் என்று தெரியாதபோது ஒரு வழி, நீங்கும் வினையைச் சொல்லிப் பார்ப்பது. மூட்டையை இறக்கி வைக்கிறோம், ஆகவே அது சுமை. மனபாரம் குறைகிறது, வேலைப்பளு குறைகிறது. கடன் தீர்கிறது, பழி நீங்குகிறது, பொறுப்பிலிருந்து விலகுகிறோம். ‘பொறுப்பை இறக்கி வைத்தார்’ என்று இயல்பாக வராததால் ‘பொறுப்பைத் தூக்கினார்’ என்பதும் வராது. பொறுப்பேற்றார் என்பதே சரி. இங்கே இன்னொரு வழுக்கல். ஏற்றார் என்பது தான் ஒப்புக்கொண்டது, ஏற்றினார் என்பது இன்னொன்றின்மேல் வைத்தது. லோரியில் மூட்டை ஏற்றினார், கொடி ஏற்றினார், தலைவர் பொறுப்பை ஏற்றார். ‘பொறுப்பை ஏற்றினார்’ என்று கூட்டக் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கிறோம், அது பிழை.

சுமத்துதல் எப்போதும் பிறர் தலையில், அதுவும் விருப்பமில்லாமல்: குற்றம், பழி, வரி. ‘அவருக்குப் பதவி சுமத்தப்பட்டது’ என்றால் அவர் வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்தார்கள் என்று பொருள். வாழ்த்து மடலில் எழுதிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பில் எல்லாவற்றையும் சுமக்க வைக்கும் பழக்கம் பரவிவருகிறது. ‘டிங்கிக் கிருமியைச் சுமக்கும் கொசு’ வேண்டாம், டிங்கியைப் பரப்பும் கொசு என்க. ‘செலவை நிறுவனம் சுமக்கும்’ என்பதற்குச் செலவை நிறுவனமே ஏற்கும். நிறுவனம் நொடித்துப்போகும் அளவுக்கு இருந்தால் மட்டும் ‘சுமக்கும்’ என்பதை விட்டுவையுங்கள்.

எழுத்துப்பிழைகளில் அதிகம் வருவது ‘பழு தூக்குதல்’. அது பளுதூக்குதல், ளகரம். பொறுமை, பொறுப்பு, பொறை மூன்றும் வல்லின றகரம். வேலைப்பளு, வரிச்சுமை என்று சேர்த்தெழுதும்போது ஒற்று மிகும். கடன்சுமையில் மிகாது.