கை ஒரு பக்கம், மணிச்சத்தம் ஒரு பக்கம்

மொரீஷியஸில் கோர் தெ கார்த் மலையடிக் கோயிலில் தைப்பூசக் காவடியை மாமா கைபேசியில் எடுத்திருந்தார், 7 துண்டுகளாக. அவற்றை ஒன்றாக்கி, பாட்டியின் டிவியில் ஓடும்படி பென்டிரைவில் தருவதாக ஒப்புக்கொண்டேன். வெட்டி ஒட்டிப் பார்த்தால் ஊர்வலம் வரை சரி. கோயிலுக்குள் நுழைந்ததும் படம் முந்திக்கொண்டது, சத்தம் பின்னால் வந்தது.

ஆடியோவை 400 மில்லிவிநாடி நகர்த்தினேன்; ஓரிடத்தில் பொருந்தியது, அடுத்த இடத்தில் விலகியது. பிட்ரேட்டைக் குறைத்தேன். ஆடியோவை 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினேன். மூன்று இரவு வீண்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. வெளிச்சத்துக்கு வந்தால் விலகல் அப்படியே நிற்கிறது, இருட்டில் மட்டும் கூடுகிறது! கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தால், பிரேம்ரேட் மோட்: வேரியபிள். அதாவது, விநாடிக்கு எத்தனை படம் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் அந்தக் கைபேசி விநாடிக்கு 30 படத்தை 24 ஆக இறக்கிவிடுகிறது. எடிட்டிங் மென்பொருளோ எல்லாவற்றையும் 30 என்றே எண்ணி ஓட்டியது.

ஆக, எடிட்டிங்குக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே சீரான பிரேம்ரேட்டுக்கு மாற்ற வேண்டும். வீடியோ கோப்பை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில், வீடியோ பகுதியில் பிரேம்ரேட் 30 வைத்தேன். அது மட்டும் போதாது. கீழே ‘பீக்’ என்று இருந்தால் படங்கள் மறுபடியும் ஏறி இறங்கும். ‘கான்ஸ்டன்ட்’டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18 ஆக்கினேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். இந்த அமைப்புகளையே ப்ரீசெட்டாகச் சேமித்து, 7 துண்டுகளையும் வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

காலையில் ஒட்டிப் பார்த்தேன். கருவறை மணி, கை அசையும் அதே நொடியில் ஒலித்தது. பாட்டி கேட்டது ஒன்றுதான்: “உன் மாமாவை எங்கே காணோம்?”