பேராதனை வைத்தியசாலைக்கு அருகில் அறை எடுத்துத் தங்குவோருக்கு

மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் மருந்து எடுத்து வருபவருக்கு வாடகை அறை தேவையில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை வரச்சொல்லும் சிகிச்சையாக இருந்தால், மலையகத் தோட்டப் பகுதிகளான பொகவந்தலாவையிலிருந்தோ இராகலையிலிருந்தோ இருட்டோடு புறப்பட்டு, பஸ் மாறி, வரிசையில் நின்று, மீண்டும் இருட்டில் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது நோயாளி பாதி உயிராகிவிடுவார். கூடப் போனவருக்கும் அன்றைய பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம், போய்விடும். என் தந்தையாரின் சிகிச்சைக்காக நாங்கள் ஏழு மாதங்கள் பேராதனையில் வாடகைக்கு இருந்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அறை தேடும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு நோயாளி களைப்பில்லாமல் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கவேண்டும். மற்ற வசதிகளையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், உங்களுக்கு எழுதித் தந்திருப்பது எந்த வைத்தியசாலை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மலையகத்தில் "பேராதனை ஆஸ்பத்திரி", "கண்டி பெரியாஸ்பத்திரி" என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும் பழக்கம் உண்டு. கண்டி தேசிய வைத்தியசாலை நகரத்துக்குள் இருக்கிறது. பேராதனைப் போதனா வைத்தியசாலை அங்கிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தள்ளி, கொழும்பு வீதியில், கலஹா சந்திக்கு அருகில் இருக்கிறது. அதே சுற்றுவட்டாரத்தில் சிறுவர்களுக்கென சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும், பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த பல் வைத்தியசாலையும் உள்ளன. ஆகவே தோட்ட வைத்தியசாலையில் தந்த கடிதத்தின் மேலே எழுதியிருக்கும் பெயரையும் கிளினிக் பெயரையும், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. புற்றுநோய்க்குக் கண்டிக்கு அனுப்பப்பட்டவர் பேராதனையில் அட்வான்ஸ் கட்டிவிட்டுத் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஹட்டன், நாவலப்பிட்டி, புசல்லாவைப் பக்கமிருந்து கம்பளை வழியாக வரும் பஸ், கண்டிக்குள் நுழைவதற்கு முன்பே பேராதனையைக் கடந்துவிடும். தாவரவியல் பூங்காவைத் தாண்டும்போதே எழுந்து நின்று, "இஸ்பிரித்தாலே லங்க" (ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்) என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டால் நகரம் வரை போய்த் திரும்பும் வேலை மிச்சம். கலஹா, தெல்தோட்டைக்காரர்களுக்கு ஹிந்தகலை வழியே வரும் பஸ்ஸே போதும்.

இனி அறை. பெனிதெனிய, ஹிந்தகலை, கெட்டம்பே, ஆற்றுக்கு அப்பால் கன்னொருவை ஆகிய இடங்களில் போடிங் அறைகள் உண்டு. பல்கலைக்கழக மாணவர்களும் இதே அறைகளைத்தான் தேடுகிறார்கள் என்பதால், புதிய தவணை தொடங்கும் வாரத்தில் அலைந்து பயனில்லை. விடுமுறைக் காலத்தில் விசாரித்தால் குறுகிய காலத்துக்கும் தருவார்கள். "பக்கத்தில்தான்" என்று வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே நம்பாமல், நோயாளியின் வேகத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். நாங்கள் முதலில் எடுத்த அறையின் ஜன்னலில் நின்றால் வைத்தியசாலைக் கூரையே தெரியும். ஆனால் வீதியிலிருந்து அந்த வீட்டுக்கு அறுபத்திரண்டு படிகள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய என் தந்தையார், இதயம் தளர்ந்த பிறகு அந்தப் படிகளில் மூன்று இடங்களில் உட்கார்ந்து எழுந்தார். நடுப்படியில் பாசி படிந்திருந்ததால், மழை நாளில் ஒவ்வொரு கையையும் ஒருவர் பிடிக்கவேண்டியிருந்தது. இரண்டாவது மாதம் கூடுதல் தூரத்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சமதரையில் ஓர் அறைக்கு மாறினோம். தூரம் கூடியது, சிரமம் குறைந்தது.

நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர். பேராதனை 500 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. கம்பளியோடு வந்து இறங்குபவருக்கு இங்கே வெக்கையாகவும், மேல்தோட்டத்தில் பழக்கமில்லாத அளவுக்கு நுளம்பாகவும் இருக்கும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகலில் படுக்கும் நோயாளிக்கும் வலை கட்டுங்கள். வீட்டைச் சுற்றிச் சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்த பிறகு அட்வான்ஸைக் கொடுங்கள்.

பேசும்போது, வருபவர் நோயாளி என்பதை மறைக்கவேண்டாம். சில வீட்டுக்காரர் தயங்குவார்கள். இன்னும் சிலர், எங்களுடைய வீட்டுக்கார நோனாவைப் போல, காலையில் சுடுதண்ணீர் வைத்துத் தருவார்கள். அடுப்பு, தனிக் கழிவறை, மின்சாரக் கட்டணம், முற்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பன ஒரு தாளில் எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிடவேண்டும். சிகிச்சை எத்தனை மாதம் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ஆதலால் ஒரு மாத முன்னறிவித்தலோடு வெளியேறலாம் என்ற வரி அந்தத் தாளில் இருக்கவேண்டும்.

கிளினிக் நாளின் வெற்றி முதல்நாள் இரவே தீர்மானமாகிவிடுகிறது. கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள், எக்ஸ்ரே ஆகியவற்றை ஒரே சொப்பிங் பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். நம் ஆட்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டலும் இருக்கும். முதல் நாள் பதியும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி எழுதச் சொல்லாவிட்டால், பின்னர் பரிசோதனைத் தாள் இன்னொருவருடையதைப் போல அலையும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதாகச் சொன்னால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. "சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) மட்டும்தானே குடித்தேன்" என்று என் தந்தையார் சொன்னபோது தாதி சிரித்தார். சீனி போட்ட அந்த ஒரு கோப்பைக்காக இன்னொரு நாள் போகவேண்டியதாயிற்று. பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் மற்ற அரசாங்க விடுமுறையிலும் கிளினிக் நடக்காது என்பதால் நாட்காட்டியையும் பாருங்கள். தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலக் காலத்தில் கண்டி நகர வீதிகள் மூடப்படும். தேசிய வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர்கள் அந்நாட்களில் வழக்கத்தைவிட முன்னதாகப் புறப்படவேண்டும்.

மொழி விடயத்தில் வெட்கம் கூடாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நடைமுறையில் எனக்கு உதவியது வேறொன்று: போதனா வைத்தியசாலையின் மாணவர் கூட்டத்தில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பதுளையிலோ இருந்து வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை பெரும்பாலும் இருக்கும். "தம்பி, இதைக் கொஞ்சம் தமிழில் சொல்ல முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டால் நின்று சொல்வார்கள். ஆனால் மாத்திரையின் அளவை மட்டும் வைத்தியரிடமோ பாமசியிலோதான் உறுதிசெய்யவேண்டும்.

அந்த மாணவர்களே உங்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், வயிற்றை அழுத்துவார்கள், மூச்சை இழுக்கச் சொல்வார்கள். படிப்பிக்கும் வைத்தியசாலை என்றால் அப்படித்தான். களைப்பாக இருக்கும்போது "பிறகு வாருங்கள்" என்று சொல்லலாம், யாரும் கோபிக்கக்கூடாது. ஆய்வுக்காகக் கேட்டு வருபவர்களிடம் மட்டும் நிதானம் வேண்டும். தமிழில் எழுதிய தகவல் தாளைக் கேளுங்கள். எத்தனை குழாய் இரத்தம், அதை வைத்திருப்பார்களா, மேலதிகமாக வரவேண்டுமா, பஸ் காசு கிடைக்குமா, பெயர் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். மறுத்தாலும், இடையில் விலகினாலும், சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது என்பது ஆய்வு ஒழுக்கநெறியின் அடிப்படை. அதற்காக எல்லாவற்றையும் சந்தேகிக்கவும் வேண்டாம். நஞ்சூட்டலையும் பாம்புக்கடியையும் பற்றிய ஆய்வு பேராதனை மருத்துவ பீடத்தில் நீண்டகாலமாக நடக்கிறது. தோட்டங்களில் நாம் அறிந்த பராகுவாட் என்ற களைக்கொல்லி 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபோது, நோயாளிகளிடமிருந்து சேர்த்த தரவுகள் முக்கிய ஆதாரங்களுள் ஒன்றாக இருந்தன.

வைத்தியசாலை பாமசியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால், துண்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். வியாபாரப் பெயரை மட்டும் காட்டினால் விலை கூடியதே கைக்கு வரும். இந்தப் பழக்கத்துக்காகப் போராடிய சேனக பிபிலே பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971 இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அக்கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசல கண்டி நகரில் உண்டு.

இரவில் நிலை மோசமானால் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் "கோயிலுக்குப் பக்கத்து வீடு" என்று சொன்னால் வந்து சேராது. வீட்டிலக்கம், ஒழுங்கைப் பெயர், அருகிலுள்ள சந்தி ஆகியவற்றைச் சிங்களத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தோம். ஒருமுறை அது வேலைக்கு உதவியது.

கூட நிற்பவரையும் கவனியுங்கள். வார்டுக்குள் யார், எப்போது போகலாம் என்பது வார்டுக்கு வார்டு மாறும், ஆகவே முதல் நாளே கேட்டு, இருவர் முறைவைத்து நில்லுங்கள். மாலையில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போய்வந்தது என் தாயாருக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. அங்கேயும் மேடு உண்டு, மெதுவாக ஏறவேண்டும்.

அறையைக் காலிசெய்யும் வாரத்தில், நோயும் சிகிச்சையும் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றைத் தோட்ட வைத்தியசாலையில் கொடுங்கள். மூலத்தை யாரிடமும் விடவேண்டாம். அடுத்த கிளினிக் திகதியைக் கொப்பியின் முன்னட்டையிலும் எழுதிவையுங்கள். பிறகு அந்த ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு, மின்சாரக் கட்டணத்தைக் கழித்து மீதி முற்பணத்தைக் கையில் வாங்கிய பின்னரே வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுங்கள்.