மின்சார வேன் வாங்கப் போகிறீர்களா? ரேஞ்சையும் சார்ஜிங்கையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் கடைச் சரக்கு, கேட்டரிங், பார்சல் என்று வேனை நம்பிப் பிழைப்பவர்கள் பலர் இப்போது மின்சார வேன் பக்கம் பார்க்கிறார்கள். 2022இல் வந்த ஃபோர்டு ஈ-டிரான்சிட்டும் ஃபோக்ஸ்வாகன் ஐடி பஸ் கார்கோவும் பழைய வண்டிச் சந்தைக்கே வந்துவிட்டன. ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் ஓடும் தூரம், அதாவது ரேஞ்ச், ஃபோர்டுக்கு 317 கி.மீ. வரை, ஃபோக்ஸ்வாகனுக்கு 415 கி.மீ. அளவில் என்று போட்டிருக்கும், உடனே ஃபோக்ஸ்வாகன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலருக்கு அந்த முடிவு சரியாகவே இருக்கலாம், ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அதைச் சொல்லவே முடியாது.

ரேஞ்ச் எண் எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை 23 டிகிரி சூட்டில், சராசரியாக மணிக்கு 46.5 கி.மீ. வேகத்தில் நடக்கிறது, வேன் என்றால் அது சுமக்கக்கூடிய பாரத்தில் 28 சதவீதம்தான் கணக்கில் வரும். நீங்கள் விடியற்காலை மொத்தச் சந்தையில் வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு மோட்டார்வேயில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், அதுவும் ஜனவரியில். இதில் எது ஒத்துப்போகிறது? அமெரிக்க யூடியூப் வீடியோவைப் பார்த்து ஒப்பிடுவது இன்னொரு குழப்பம். இதே 68 கிலோவாட் மணி (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) பேட்டரி உள்ள ஈ-டிரான்சிட்டின் தாழ்ந்த கூரை வண்டிக்கு ஃபோர்டு அங்கே சொன்னது 126 மைல், சுமார் 203 கி.மீ. அங்கே கணக்குப் போடும் முறையே வேறு. அப்புறம் கூரை. பெரிய ரேஞ்ச் எண் எப்போதும் அந்த மாடலின் சிக்கனமான வகைக்கு உரியது, உயரக் கூரை வண்டி வேகமாகப் போகும்போது காற்றை எதிர்த்தே பேட்டரியைக் கரைக்கும்.

பாரத்தை மறப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. ஃபோர்டின் சில வகைகள் 1,600 கிலோ வரை தாங்கும், ஃபோக்ஸ்வாகன் 800 கிலோவைத் தொடாது, உள்ளே இடமும் 3.9 கன மீட்டர்தான். உங்கள் ஒரு நாள் சரக்கு 1,200 கிலோ என்றால் ஃபோக்ஸ்வாகன் இரண்டு தடவை போய்வர வேண்டும், அங்கேயே அதன் கூடுதல் ரேஞ்ச் தீர்ந்துவிடும். பூங்கொத்தோ கேக்கோ கொண்டுபோகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

பேட்டரி அளவிலும் கவனம் தேவை. அந்த ஃபோக்ஸ்வாகனுக்கு 82 என்றும் போட்டிருப்பார்கள், 77 என்றும் போட்டிருப்பார்கள். 82 மொத்த அளவு, ஓட்டப் பயன்படுவது 77. ஃபோர்டின் 68 பயன்படும் அளவு. 82ஐயும் 68ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. புதிய ஈ-டிரான்சிட்டில் 89 கிலோவாட் மணி பேட்டரியும் உண்டு, அதன் எண்களைப் பழைய வண்டிக்குப் பொருத்திவிடாதீர்கள்.

சரி, சார்ஜிங். டிசி வேகம், அதாவது வெளியே உள்ள வேகச் சார்ஜரில் ஏறும் உச்ச வேகம், ஃபோர்டில் 115 கிலோவாட், ஃபோக்ஸ்வாகனில் 170. நேரம் 34 நிமிடம், 30 நிமிடம். அட, நாலு நிமிடம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஃபோர்டின் 34 நிமிடம் 15 சதவீதத்திலிருந்து 80 வரை, ஃபோக்ஸ்வாகனின் 30 நிமிடம் 5 சதவீதத்திலிருந்து 80 வரை. கிலோவாட் மணியாக மாற்றிப் பாருங்கள்: ஃபோர்டில் ஏறுவது சுமார் 44, ஃபோக்ஸ்வாகனில் சுமார் 58. சராசரி வேகம் 78 கிலோவாட்டும் 115 கிலோவாட்டும்தான், உச்ச வேகம் கொஞ்ச நேரமே நிற்கும். அதிகாரப்பூர்வ ரேஞ்சை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்கு ஃபோர்டில் 6 கி.மீ., ஃபோக்ஸ்வாகனில் 10 கி.மீ. ஏறுகிறது. நிஜத்தில் இரண்டுமே குறையும், ஆனாலும் நிமிடத்துக்கு எத்தனை கி.மீ. என்று கேட்பதுதான் சரியான ஒப்பீடு.

அந்த வித்தியாசமும் பெரிய சார்ஜர் கிடைத்தால்தான். உங்கள் வழியில் இருப்பது 50 கிலோவாட் சார்ஜர் என்றால் இரண்டு வண்டிக்கும் மணிக்கு ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம்தான் ஏறும், 170 என்ற எண்ணுக்குக் கொடுத்த பணம் வீண்.

வீட்டிலும் இதே கதை. இரண்டு வண்டிகளும் ஏசியில், அதாவது சாதாரண வீட்டு மின்சாரத்தில், 11 கிலோவாட் அளவுக்கு வாங்கும், ஆனால் அதற்கு த்ரீ பேஸ் வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் சிங்கிள் பேஸ்தான், அதில் 7.4 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்காது. மலிவு இரவுக் கட்டணம் ஆறு மணி நேரம் என்றால் சேதாரம் போக 40 கிலோவாட் மணி ஏறும், எந்த வேனாக இருந்தாலும் அவ்வளவுதான். ஆகவே தினமும் 60 கிலோவாட் மணி செலவாகும் ஓட்டம் என்றால் பெரிய பேட்டரி வாங்கியும் மீதியை விலை கூடிய நேரத்திலோ வெளியிலோதான் ஏற்ற வேண்டியிருக்கும்.

குளிர்காலத்துக்குத் தனிக் கணக்குப் போடுங்கள். டெலிவரியில் கதவு திறந்து மூடியபடியே இருக்கும், ஹீட்டர் ஓயாமல் ஓடும், குளிர்ந்த பேட்டரி டிசியிலும் மெதுவாகத்தான் ஏறும். குறைந்த மின்சாரத்தில் உள்ளே சூடாக்கும் ஹீட் பம்ப் இருக்கிறதா என்று அந்தந்த வண்டிக்குத் தனியாகக் கேளுங்கள், மாடல் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். கிளம்புமுன் சார்ஜரில் செருகியபடியே வண்டியைச் சூடாக்கினால் அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து போகாது.

கடைசியாக, சார்ஜர் இருக்கும் இடம். ஈ-டிரான்சிட் இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம், பல மாடிக் கார் நிறுத்தங்களின் தடுப்புக் கம்பி இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கும், ஃபோக்ஸ்வாகன் நுழைந்துவிடும். ஃபோர்டின் சார்ஜ் துளை முன் கிரில்லில், மற்றதற்குப் பின்பக்கம் வலது ஓரத்தில். நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் உள்ள சார்ஜர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு, அங்கே ஆறு மீட்டர் வண்டி நிற்குமா, கேபிள் எட்டுமா என்று தெரிந்துகொண்டு அப்புறம் விலை பேசுங்கள்.