லாமா, அல்பாக்காவுக்கு ஹால்டர் மாட்டுவது எப்படி?

லாமாவும் அல்பாக்காவும் தென் அமெரிக்காவின் ஒட்டகக் குடும்பத்து வளர்ப்பு விலங்குகள். கயிறு கட்டி நடத்திச் செல்ல அவற்றின் தலையில் மாட்டும் பட்டைதான் ஹால்டர். நடக்கச் சொன்னால் லாமா தலையை உதறுகிறது, மிரள்கிறது, தரையில் படுத்துவிடுகிறது என்றால் அதைப் பிடிவாதம் என்று சொல்வதற்கு முன்னால் ஹால்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

லாமாவும் அல்பாக்காவும் மூச்சுக்கு மூக்கைத்தான் நம்பியிருக்கின்றன. கண்ணுக்கு அருகே தொடங்கும் மூக்கெலும்பு முகத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே வெறும் குருத்தெலும்பு. ஹால்டரில் மூக்கைச் சுற்றி வரும் மூக்குப்பட்டை அங்கே சரிந்தால் மூச்சுப்பாதை நசுங்கும். மூச்சு முட்டும் விலங்கு என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்கிறது.

அதனால் முதல் வேலை எலும்பின் முனையைக் கண்டுபிடிப்பது. இரு கண்களுக்கு நடுவிலிருந்து விரலை மெதுவாக அழுத்திக்கொண்டே கீழே வாருங்கள். கடினமாக இருப்பது சட்டென்று மெத்தென்று அமுங்கும் இடமே எல்லை. பட்டை அதற்கு நன்கு மேலே, கண்ணிலிருந்து 2–3 செ.மீ. கீழே இருக்க வேண்டும்.

திறந்த வெளியில் துரத்தாதீர்கள். சிறிய அடைப்புக்குள் கொண்டுவாருங்கள். நேரெதிரே நிற்காமல் தோளருகே நின்று, ஒரு கையைக் கழுத்தைச் சுற்றிப் போடுங்கள். காதைப் பிடிக்கவே கூடாது. மூக்குப்பட்டையைத் தாராளமாகத் தளர்த்தி, வளையத்தை விரித்துப் பிடித்தால் மூக்கு தானே உள்ளே போகும். காதைப் பின்னால் மடக்கி முகவாயை உயர்த்தினால் துப்பப் போகிறது என்று அர்த்தம், கொஞ்சம் பொறுத்திருங்கள்.

இறுக்குவதில்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் காதுக்குப் பின்னால் போகும் மேல்பட்டையைத்தான் இறுக்க வேண்டும், ஹால்டரை மேலே பிடித்து நிறுத்துவது அதுதான். மூக்குப்பட்டை தளர்வாகவே இருக்கட்டும். அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் அகலமாக அசையும், அதற்குத் தாடைக்கடியில் இரண்டு விரல் நுழையும் இடம் வேண்டும். மூக்குப்பட்டையை இறுக்கி மேல்பட்டையைத் தளரவிட்டால் கயிற்றை இழுத்ததும் எல்லாம் மூக்கு நுனிக்கு வந்துவிடும்.

மாட்டியதும் மூக்குப்பட்டையை முன்பக்கம் இழுத்துப் பாருங்கள். எலும்பைத் தாண்டினால் மேல்பட்டையில் இன்னொரு துளை இறுக்குங்கள். அப்படியும் தாண்டினால் அளவே தவறு. அல்பாக்காவின் முகம் லாமாவைவிடக் குட்டை என்பதால் லாமாவின் ஹால்டரைச் சுருக்கி மாட்டுவது சரிப்படாது. மூக்கெலும்பு மிகக் குட்டையான அல்பாக்காக்களுக்கு அளவு கூட்டிக் குறைக்க முடிகிற ஹால்டரே பொருந்தும்.

வளரும் குட்டிக்கு ஒவ்வொரு முறையும் அளவைப் புதிதாகச் சரிபாருங்கள். கட்டும்போது சுண்டினால் அவிழும் முடிச்சே போடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்; ஹால்டரோடு மேயவிட்டால் வேலியில் மாட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் மனிதரோடு பழகிய இந்த இரண்டுக்கும்தான். இவற்றின் உறவினங்களான, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும் குவானாக்கோவும் விகூனாவும் காட்டு விலங்குகள். பெருவில் விகூனாக்களை வளைத்துப் பிடித்து, முடியை மட்டும் கத்தரித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள்.