சுவரைப் பூசுவதற்கு முன்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தக அலமாரி மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், வீடு இருண்டது. ஸ்விட்ச் பெட்டியிலிருந்து இரண்டு முழம் பக்கவாட்டில் தள்ளி, அதைவிட உயரத்தில்தான் துளையிட்டிருந்தேன். அங்கே வயர் வர நியாயமே இல்லை. ஆனால் வந்திருந்தது. வீட்டைப் புதுப்பித்தபோது, குழாயில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதைக் குறுக்காக இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

வயர் செல்லும் குழாய் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலே, நேர் கீழே அல்லது கிடையாகத்தான் போக வேண்டும். பின்னாளில் ஆணி அடிப்பவரால் ஊகிக்க முடிகிற பாதை அதுதான். குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். நாடாவின் நுனி தரையில் இருக்கட்டும். அளவு தெரியாத படம் ஐந்து ஆண்டு கழித்து எதற்கும் உதவாது. தூணிலும் பீமிலும் காடி (குழாய் பதிக்கும் பள்ளம்) வெட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அடுத்தது, மின்சுமையைப் பார்க்காமல் பிளக் பாயின்ட்களை மட்டும் எண்ணுவது. கணக்கு எளிது: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே சர்க்யூட்டில் 1,500 வாட் கெட்டிலும் ஓடினால் 15 ஆம்பியரைத் தாண்டிவிடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே அதிக வாட் இழுக்கும் கருவிகளுக்குத் தனித்தனி சர்க்யூட் கேளுங்கள்.

எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுகிறது என்றால் உடனே பெரிய ஆம்பியரில் ஒன்றைப் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. இதைவிட ஆபத்தான உபகாரம் வேறில்லை. எம்.சி.பி.யின் வேலை வயரைக் காப்பது. வயர் பழையபடியே இருக்க, அதை மட்டும் பெரிதாக்கினால், அது விழுவதற்குள் வயரின் உறை உருகத் தொடங்கும். மனிதரை மின்னதிர்ச்சியிலிருந்து காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். எர்த் வயரும் எல்லாப் பாயின்ட்டுக்கும் போக வேண்டும்.

பழைய வயரின் நுனியோடு புதியதை முறுக்கி, டேப் சுற்றிச் சுவருக்குள் புதைப்பதும் வழக்கமாக நடக்கிறது. தளர்ந்த இணைப்புதான் முதலில் சூடாகும். இணைப்பு எதுவானாலும், மூடியைத் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

இன்டர்நெட் கேபிளுக்கு வருவோம். “காடிதான் வெட்டியாயிற்றே, இதையும் அதே குழாயில் நுழைத்துவிடலாம்” என்பார்கள். கூடாது. மின்வயரிலிருந்து இரைச்சல் (சிக்னலைக் குழப்பும் மின் குறுக்கீடு) கலந்து வேகம் குறையலாம் என்பது சிறிய காரணம். மின்வயரின் உறை கிழிந்தால் அந்த மின்சாரம் கேபிள் வழியே கணினிக்கும் உங்கள் கைக்கும் வந்துவிடும் என்பதுதான் பெரிய காரணம். தனிக் குழாய், இடைவெளி விட்டு. குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்கோணத்தில்.

கேபிளுக்குள் இருக்கும் 8 கம்பிகள் 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டிருப்பது இரைச்சலைத் தடுக்கத்தான். முனையில் அந்த முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக் கூடாது. மூலைகளில் கேபிளை மடித்து அழுத்தவும் கூடாது. வாங்கும்போது ஒரு கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். எளிதில் ஒடியும், கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமராக்களுக்கு ஏற்றதல்ல.

பூசுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு 500 வோல்ட்டில் காப்புச் சோதனை (வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்ற சோதனை) செய்யுங்கள். உறையின் மின்தடை 1 மெகாஓமுக்குக் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஒரு காலிக் குழாயையும், உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். நாளை எந்தக் கேபிள் தேவைப்பட்டாலும் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டவில்லை. ஒன்பது நீலக் கேபிள்களில் மாடி அறைக்குரியது எது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.