பி.எஸ்.ஏ. ஏறினால் டெஸ்டோஸ்டிரோனையும் பாருங்கள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் அப்பாக்களின் பிள்ளைகள் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் தயாரிக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் அளப்பார்கள்) ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அந்த ஒரு எண் போதாது.

விதைகளில் (விரைகளில்) சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், புராஸ்டேட் செல்லுக்குள் டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறுகிறது. அது ஒட்டிக்கொண்டதும், ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பி உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, செல் பெருகுவதற்கான ஜீன்களை முடுக்கிவிடுகிறது. பி.எஸ்.ஏ.வைத் தயாரிக்கும் ஜீனும் அதே ஏற்பியின் பிடியில்தான். அதனால் பி.எஸ்.ஏ. ஏறினால் பெரும்பாலும் ஏற்பி எங்கோ வேலை செய்கிறது என்று அர்த்தம். விதைகளை நீக்கினால் இந்த நோய் அடங்கும் என்று 1941இல் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய ஊசி அதைக் கத்தியில்லாமல் செய்கிறது.

ஒரு நோட்டில் ஊசி போட்ட தேதி, பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டிரோன் மூன்றையும் எழுதி வாருங்கள். முடிந்தவரை ஒரே லேப்.

லூப்ரோலைடு, கோசெரெலின் ஊசிகள் ஆரம்பத்தில் ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அதைச் சமாளிக்கத்தான் பைகாலுட்டமைடு மாத்திரை எழுதுகிறார்கள், விட்டுவிடாதீர்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே வந்திருக்கிறதா பாருங்கள். வராமல் பி.எஸ்.ஏ. ஏறினால் முதலில் ஊசித் தேதியைச் சரிபார்க்க வேண்டும். மாங்காய் சீசனில் தோப்பை விட்டு வர முடியவில்லை என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு மனசு பதறுகிறது.

50க்குக் கீழே இருந்தும் பி.எஸ்.ஏ. தொடர்ந்து ஏறுகிறதா? அப்போது ஏற்பியே மாறியிருக்கலாம். புற்றுசெல் ஏற்பிகளை ஏராளமாகச் செய்து, இருக்கிற துளி ஹார்மோனையும் பிடித்துக்கொள்ளும். அட்ரீனல் சுரப்பியிலிருந்து கொஞ்சம் வரும், கட்டியே சொந்தமாகவும் தயாரிக்கும். ஏ.ஆர்.-வி7 என்று ஏற்பிக்கு ஒரு குட்டை வடிவம் உண்டு. ஹார்மோன் ஒட்டும் பகுதியே அதில் இல்லை, ஹார்மோன் இல்லாமலே ஓடும். இந்தக் கட்டத்தில் அபிராடெரோன் அல்லது என்சலுட்டமைடு எழுதுவார்கள். அபிராடெரோனை வெறும் வயிற்றில் போட வேண்டும், கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதுவார்கள். புது மாத்திரை வந்துவிட்டதே என்று பழைய ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

ஹார்மோன் குறைந்தால் எலும்பு தேயும். கேழ்வரகுக் களி நல்லதுதான், சர்க்கரை இருந்தால் அளவோடு.

நம் மாவட்டத்துக்கு இன்னொன்று. இங்கே பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். வருஷக்கணக்கில் அதைக் குடித்தவர்களின் முதுகெலும்பு எக்ஸ்ரேயில் அடர்ந்த வெள்ளையாகத் தெரியும். புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவினாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். சேலத்துக்கோ பெங்களூருக்கோ போனால், அப்பா எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்காமலே அவரிடம் சொல்லிவிடுங்கள்.