எபேசுவும் லவோதிக்கேயாவும்: இஸ்மிரில் படிப்பவர்கள் ரயிலில் போய்வரும் வழி

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளின் ஊர்களும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில்தான் இருக்கின்றன. சுற்றுலா பஸ்ஸில் ஏறினால் ஏழையும் ஒரே ஓட்டமாகக் காட்டி இறக்கிவிடுவார்கள். அங்குள்ள இஸ்மிர் நகரில் ஒரு செமஸ்டர் படிப்பவருக்கு அந்த அவசரம் தேவையில்லை. ஏழில் ஒன்றான சிமிர்னா நீங்கள் தங்கும் இஸ்மிரேதான். அதன் பழைய அகோராவை, அதாவது சந்தைத் திடலை, ஒரு மாலையில் பார்த்துவிடலாம். மற்றவற்றில் எபேசு, லவோதிக்கேயா இரண்டையும் முதலில் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே ரயில் பாதை.

எபேசுக்கு இறங்க வேண்டிய நிலையம் செல்சுக். இஸ்மிரின் பஸ்மானே நிலையத்திலிருந்து டெனிஸ்லி ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். இஸ்பான் புறநகர் ரயிலிலும் போகலாம். தெபெகோயில் வண்டி மாற வேண்டும். இணைப்பு வண்டி அடிக்கடி கிடையாது. அந்த நேரத்தைப் பார்க்காமல் கிளம்பினால் நடைமேடையிலேயே காலைப்பொழுது போய்விடும்.

செல்சுக்கிலிருந்து டோல்முஷ் என்னும் ஷேர் மினிபஸ் எபேசு இடிபாடுகளின் கீழ்வாசலில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏறத் தொடங்காதீர்கள். டாக்சி பிடித்து மேல்வாசலுக்குப் போனால் நகரம் முழுவதும் இறக்கம்தான். அந்தச் செலவு வீண் இல்லை. பளிங்குத் தரை தேய்ந்து வழவழவென்று இருக்கும், மழை நாளில் சறுக்கும். ரப்பர் அடியுள்ள ஷூ போடுங்கள். நிழல் கிடையாது, இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பக்கத்துக் குஷாதாசி துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்கும் நாளில் முற்பகலில் நெரிசல் தாங்காது. வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

எல்லோரும் படம் எடுக்கும் செல்சஸ் நூலகத்தை, இங்கே ஊழியம் செய்த அப்போஸ்தலன் பவுல் பார்த்திருக்க முடியாது. அது 2ஆம் நூற்றாண்டில் கட்டியது; இன்று நிற்கும் முகப்பு 1970களில் தூக்கி நிறுத்தியது. ஆனால் அதன் படிக்கட்டைக் குனிந்து பாருங்கள்: கல்லில் கீறிய ஏழு கிளை யூதக் குத்துவிளக்கு ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

நேரத்தை அரங்கத்துக்கு மிச்சம் வையுங்கள். அப்போஸ்தலர் 19இல் தட்டான் தெமேத்திரியு மூட்டிய கலகத்தில் கூட்டம் ஓடிவந்து கூடிய இடம் அது, சுமார் 25,000 பேர் கொள்ளும். மேல் வரிசையிலிருந்து பார்த்தால் பழைய துறைமுகத்துக்குப் போகும் தெரு நேராகத் தெரியும், கடலைக் காணோம். ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, நகரமும் அதோடு ஓய்ந்தது.

கீழ்வாசலிலிருந்து செல்சுக் 3 கி.மீ. நடந்தே திரும்புங்கள், வழியில் தியானாள் கோவிலின் ஒற்றைத் தூண் நிற்கிறது. ஊருக்குள் உள்ள அருங்காட்சியகத்தில் அவள் சிலைகள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் ‘ஆர்ட்டெமிஸ்’ என்று இருக்கும். நம் வேதாகமத்தின் தியானாள் இவளே.

கட்டணம் வெளிநாட்டவருக்கு யூரோவில், மாணவர் கைக்குக் கனம்தான். இகாமெட் என்னும் தங்கும் அனுமதி அட்டை வந்ததும் மியூசேகார்ட் என்னும் அருங்காட்சியக அட்டை வாங்க முடியுமா என்று பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் பிரிவில் கேட்டுவிட்டு அதன்பின் கிளம்புங்கள்.

லவோதிக்கேயாவுக்கு அதே ரயிலில் டெனிஸ்லி வரை போக வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் அலைச்சல்தான் மிச்சம், ஒரு இரவு தங்குங்கள். டெனிஸ்லி பஸ் நிலையத்தில் பமுக்கலே டோல்முஷ்ஷில் ஏறி, ‘லாவோதிக்யா’ என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். இறங்கியபின் சிறிது தூரம் நடை.

இங்கே தேட வேண்டியது தண்ணீர்க் குழாய்கள். குழாயின் உள்வாயைப் பாருங்கள்: சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து துளை குறுகியிருக்கும். அனலுமின்றிக் குளிருமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று இந்தச் சபைக்குச் சொன்னது இங்கே நின்றால் கண்ணுக்கே தெரியும். வடக்கே ஹியெராப்போலியின் வெந்நீர் ஊற்று படியவைத்த வெள்ளை மலைச்சரிவு. கொலோசெயின் குளிர்ந்த நீர் தென்கிழக்கே. வெந்நீர்தான் குழாயில் இங்கே வந்து ஆறிப்போனது என்று சிலர் விளக்குவார்கள். நம்ப வேண்டாம், இந்த ஊரின் கால்வாய் தெற்கிலிருந்து வந்தது.

திரும்பும் டோல்முஷ்ஷைச் சாலை ஓரத்தில் நின்று கை காட்டி நிறுத்த வேண்டும், அதனால் இருட்டுவதற்குள் சாலைக்கு வந்துவிடுங்கள்.